தாளிக்காத குழம்பு

பித்தப்பையில் கல் என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவு நாள் அது. துவைக்க வேண்டிய துணி மூட்டையாகக் கிடந்தது. வயிற்றின் வலது பக்கம் அடிக்கடி பிடித்து இழுக்கிறதே, வாய்வாக இருக்கும், ஒரு மாத்திரை எழுதித் தருவார்கள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர். ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டி, "பயப்பட ஒண்ணுமில்ல, சின்ன ஆபரேஷன்தான். ரெண்டு நாள் இருந்தா போதும். கூட ஒருத்தர் இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் பிடிக்கவில்லை.

"கூட யாரு வருவாங்க? வீட்டுக்காரரா?" என்று கேட்டார். கல்யாணம் ஆகவில்லை என்றேன். "அப்ப அம்மா?" என்றார். நான் ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். தள்ளிப்போடலாம், ஆனால் எப்போது வேண்டுமானாலும் வலி வரும், அதுவரைக்கும் எண்ணெய், நெய், வறுத்தது, பொரித்தது எதையும் தொடக்கூடாது, கல் தானாகக் கரைந்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள் என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். என் காதில் நுழைந்தது 'தள்ளிப்போடலாம்' மட்டும்தான்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு, கூட இருக்க யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்துப் பார்த்தேன். சங்கரன்கோவில் பக்கத்து ஊரில் அம்மா இருக்கிறாள். மூட்டு வலியில் வாசல் தாண்டுவதே பெரும்பாடு. அவளுக்குச் சொன்னால் அண்ணனுக்குத் தெரியும். அவன் பார்த்து வைத்த மாப்பிள்ளையை நான் வேண்டாம் என்றதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. இப்போது மட்டும் வாயைத் திறப்பான். "இதுக்குத்தான் அன்னைக்கே கட்டிக்கோன்னு சொன்னேன்" என்பான். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வா என்பார்கள். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அந்தப் பேச்சைக் கேட்பதைவிடக் கல்லோடேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

கம்பெனி ஹாஸ்டல் சிநேகிதிகள் இருந்தார்கள், ஒரு காலத்தில். பிளஸ் டூ முடித்த கையோடு கம்பெனி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்களே, அந்த பேட்சில் நான்தான் கடைசி. மற்ற எல்லோரும் இரண்டு வருஷம், மூன்று வருஷம் அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்த்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை கொடுத்துவிட்டு, அழுதுவிட்டுப் போனார்கள். அடுத்த பேட்ச் வந்தது. அதுவும் போனது. போகிறவளுக்கெல்லாம் ஆளுக்கொரு குக்கர் பரிசாக வாங்கிக் கொடுத்தேன். எனக்கென்று ஒரு குக்கர் வாங்கியது இந்தக் கல் வந்த பிறகுதான். அவர்களில் யாரையாவது கூப்பிட்டால் ஓடி வருவார்கள் என்று சொல்ல ஆசைதான். ஒருத்தி திருப்பூரில், கைக்குழந்தை. ஒருத்தி மாமியாரைக் கேட்காமல் மெடிக்கல் ஷாப்புக்குக்கூடப் போக முடியாதவள். மற்றவர்களுக்கு நான் பொங்கலன்று வருகிற ஒரு வாட்ஸ்அப் படம்.

ஆக, ஆள் இல்லை. ஆள் இல்லாததால் ஆபரேஷன் இல்லை. ஆபரேஷன் இல்லாததால் எண்ணெய் இல்லை. நான் எண்ணெயில்லாமல் சமைக்க ஆரம்பித்த கதை இதுதான். ஆரோக்கியம் என்று லைனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். "அக்கா டயட்டு, அக்கா ஸ்லிம் ஆகப்போறாங்க" என்று பிள்ளைகள் கிண்டல் செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஹாஸ்டலில் எண்ணெயில்லாமல் சாப்பிட வழியில்லை. அங்கே சாம்பாரின் மேல் எண்ணெய் மிதக்கும். ஒருத்திக்காகத் தனியாகப் பொங்க முடியாது என்று வார்டன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அதனால் கம்பெனிக்குப் பக்கத்து ஊரான மண்ணூரில் ஒரு லைன் வீட்டுக்குக் குடி வந்தேன். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சமையல் மேடை, முன்னால் பொதுவில் ஒரு தண்ணீர்க் குழாய். கோடியில் இருந்த பெரிய வீட்டில் வீட்டுக்கார அம்மா. வேதக்காரக் குடும்பம், வாசலில் மாதா படம், எப்போது பார்த்தாலும் பூவோடு இருக்கும். மற்ற அறைகளில் எல்லாம் என்னைப் போல ஷிப்டுக்குப் போகிற ஜனங்கள். டயர் கம்பெனி, கார் பார்ட்ஸ் கம்பெனி, எலக்ட்ரானிக்ஸ்.

இட்லியும் ரசமும் மட்டும் தின்று கம்பெனி லைனில் இரண்டு முறை தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். கம்பெனி நர்ஸ்தான், "புரோட்டீன் வேணும்க்கா, மீல் மேக்கர் வாங்கிச் சாப்புடுங்க" என்றாள். நானும் ஒரு பாக்கெட் வாங்கி வந்து, அந்தக் காய்ந்த சோயா உருண்டைகளை அப்படியே கொதிக்கிற குழம்பில் கொட்டினேன். மூடியைத் திறந்து பார்த்தால் குழம்பைக் காணோம். மொத்தத்தையும் குடித்துவிட்டு உருண்டைகள் மட்டும் கொழுத்துக் கிடந்தன. வாயில் வைத்தால் ஒரு பச்சை வாடை. லைன் லீடர் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு அத்தனை பேரை மேய்க்கிறவள், ஒரு பிடி சோயாவிடம் தோற்றுப்போனேன்.

அப்புறம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. உப்புப் போட்ட தண்ணீரில் கொதிக்கவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, துணி பிழிகிற மாதிரி பிழிய வேண்டும். வெள்ளையாக நுரை வரும். நுரை நிற்கிறவரை அலசிப் பிழிந்தால்தான் வாடை போகும். வெங்காயத்தை எண்ணெய் இல்லாமல் வதக்குவதற்கும் வழி இருந்தது. அடி கனத்த சட்டியைக் காயவைத்து, வெங்காயத்தையும் உப்பையும் போட்டுக் கிளறிக்கொண்டே நிற்க வேண்டும். அடி பிடிக்கப் பார்க்கும்போது ஒரு கை தண்ணீர் தெளித்தால் விட்டுக்கொடுக்கும். மறுபடி பிடிக்கும், மறுபடி தெளிக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் அடுப்பை விட்டு அந்தண்டை போகலாம். இது என்னைக் கட்டிப்போட்டது. போவதற்கும் எனக்கு இடம் இல்லை என்பது வேறு விஷயம்.

ஒரு குறை மட்டும் கடைசிவரை தீரவில்லை. சத்தம் இல்லை. லைன் வீட்டில் சாயங்காலமானால் ஒவ்வொரு அறையிலிருந்தும் தாளிக்கிற சத்தம் வரும். அடுத்த அறையில் கடுகு வெடிப்பது, அதற்கடுத்த அறையில் கறிவேப்பிலை சடசடப்பது, யாரோ ஒருத்தர் காய்ந்த மிளகாயைக் கருகவிட்டு எல்லோரும் இருமுவது. என் அறையில் மட்டும் எல்லாம் ஊமையாக நடக்கும். நான் சமைத்தேனா, சாப்பிட்டேனா, உள்ளே இருக்கிறேனா என்று சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தருக்கும் தெரிய வழியில்லை.

தெரிந்துகொள்ள அவர்களும் ஆசைப்படவில்லை என்றுதான் நினைத்தேன். வந்த புதிதில், பெண்கள் ஒருத்தர் கதவை ஒருத்தர் தட்டுவதும், கறிவேப்பிலை கேட்பதும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போவதுமாக இருப்பதைப் பார்த்து, நமக்கும் பொழுது போய்விடும் என்று நம்பினேன். மழைக்காலம் முடிந்தது. என் கதவை ஒருத்தரும் தட்டவில்லை. நான் காலை ஷிப்டுக்கு இருட்டோடு கிளம்பி, வெயில் சாய்கிற நேரத்தில் திரும்பி வருவேன். குழாயடியில் பார்த்தால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். நான் உள்ளே போனதும் என் வாசலைக் கடக்கிறவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் ஓடி வந்தால்கூட, "ஷ்ஷ்" என்று இழுத்துக்கொண்டு போவார்கள். என்னைப் பற்றி என்னவோ பேசுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். தனியாக இருக்கிற பொம்பளை, வயதும் ஆகிறது, கல்யாணமும் இல்லை, கேட்க வேண்டுமா.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு அது உறுதியாகிவிட்டது. வீட்டுக்கார அம்மா தட்டுத் தட்டாகக் கல்கலும் கேக்கும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார். அடுத்த அறையில் சிரிப்புச் சத்தம். அப்புறம் செருப்புச் சத்தம் என் வாசலில் வந்து நின்றது. நான் எழுந்து, நைட்டியை இழுத்துச் சரிசெய்து, தலையை ஒதுக்கிக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். செருப்பு கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் என்னைத் தாண்டி அடுத்த கதவுக்குப் போய்விட்டது. கல்கல் எனக்கு ஆகாது, எண்ணெயில் பொரித்தது. வாங்கியிருந்தாலும் தின்றிருக்க மாட்டேன். ஆனாலும் அன்றைக்குக் கதவில் சாய்ந்துகொண்டு அழுதேன். அதற்குப் பிறகு குழாயடியில் சிரிப்பதை நானும் நிறுத்திவிட்டேன்.

தவக்காலம் தொடங்கிய முதல் வெள்ளிக்கிழமை, வேலையை விட்டுப் போகிற ஒரு பெண்ணுக்காகக் கேன்டீனில் வடை வாங்கி வைத்திருந்தார்கள். வேண்டாம் என்றால் அவள் முகம் வாடிவிடும் என்று பாதி தின்றேன். அறைக்கு வந்து சேர்வதற்குள் வலி ஆரம்பித்துவிட்டது. உள்ளே படுக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாசற்படியில் வந்து குனிந்து உட்கார்ந்துகொண்டேன். விளக்குப் போடுகிற நேரம். மாதா கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டே வீட்டுக்கார அம்மா வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னாமா, தூங்கலியா? நைட்டு டூட்டிக்குப் போவலியா?"

"எனக்கு நைட்டே கெடையாதுக்கா" என்றேன். வலியிலும் கோபத்திலும் கொஞ்சம் வெடுக்கென்றுதான் வந்தது.

"நைட்டு இல்லியா? அப்போ இன்னாத்துக்குத் தெனிக்கும் பக்கெட்ட கவுத்து வெச்சிகினு கீற?"

நான் திரும்பிப் பார்த்தேன். கதவோரம் என் பச்சை பக்கெட் வழக்கம்போலக் கவிழ்ந்து கிடந்தது. கம்பெனியில் மழைக்காலத்துக்கு முன்னால் எங்களை நிற்கவைத்துப் பாடம் எடுப்பார்கள். தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு, அதனால் எதையும் திறந்து வைக்காதே, கவிழ்த்து வை. லைன் லீடரான எனக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. தண்ணீர் பிடித்து உள்ளே ஊற்றிய அடுத்த நிமிஷம் பக்கெட்டைக் கவிழ்த்து, சுவரை ஒட்டி நேராக வைத்துவிடுவேன். அதைத்தான் சொன்னேன்.

அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "அட ஏம்மா! இங்க வாசல்ல பக்கெட்டு கவுந்து கெடந்தா நைட்டு முட்ச்சிட்டு வந்து தூங்குறாங்கன்னு அர்த்தம். கதவ தட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது. ஷிப்டுக்குப் போற ஜனம் அவங்களுக்குள்ளயே வெச்சிகிட்டது. உனுக்கு யாரும் சொல்லலியா?"

யார் சொல்வார்கள்? சொல்வதற்குக் கதவைத் தட்ட வேண்டுமே.

"கிறிஸ்மசுக்குக் கல்கல் எட்துகினு உன் வாசல்ல வந்து நின்னேன். பக்கெட்டு கவுந்து கீது. பாவம், தூங்குற பொண்ண எழுப்ப வாணாம்னு போய்ட்டேன். உன் பங்கு நாலு நாளு டப்பால கெடந்துச்சு. அப்பால பசங்க தின்னுடுச்சுங்க. உன் வூட்ல தாளிக்கிற சத்தங்கூட வராது. பொண்ணு சமைக்கக்கூட தெம்பில்லாம தூங்குது போலன்னு நாங்க பேசிப்போம். சாயங்காலம் கொழாயாண்ட பாத்தா, இப்பத்தான் தூங்கி எய்ந்து வர்றன்னு நெனச்சிப்போம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் வலித்தது. இத்தனை மாதமாக இந்த வரிசை முழுவதும் எனக்காகக் குரலைத் தாழ்த்திப் பேசியிருக்கிறது. நான் உள்ளே உட்கார்ந்து அத்தனை பேரையும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தத் திட்டுகளை எல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. வலி இறங்கியதும் எழுந்து பக்கெட்டை நிமிர்த்தி வைத்தேன். "அடுத்த வெள்ளிக்கெழம என் வீட்டுல சாப்பிட வாரியளாக்கா?" என்று கேட்டுவிட்டேன். யோசித்துக் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

"வெள்ளிக்கெழம எனுக்கு சுத்தபோசனமாச்சே. கவுச்சி ஆவாது."

"என் வீட்டுல கவுச்சியே கெடையாதுக்கா" என்றேன்.

அந்த ஒரு வாரமும் லைனில் நின்றுகொண்டு குழம்பைப் பற்றித்தான் யோசித்தேன். என் நாக்குக்குச் சப்பென்று இருப்பது பழகிவிட்டது, இன்னொருத்தர் நாக்குக்கு என்ன செய்வது? வெள்ளிக்கிழமை வந்ததும் உடை மாற்றக்கூட இல்லை, வேலையைத் தொடங்கிவிட்டேன். கொத்தமல்லி விதை, மிளகு, சீரகம், சோம்பு, பட்டை, காய்ந்த மிளகாய் எல்லாவற்றையும் வெறும் சட்டியில் தனித்தனியாக வறுத்து அரைத்தேன். தேங்காய்க்குப் பதில் ஒரு பிடி பொட்டுக்கடலை. சின்ன வெங்காயத்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பொன்னிறத்துக்குக் கொண்டுவர மணிக்கட்டு விட்டுப்போயிற்று. இஞ்சியும் பூண்டும் தட்டிப் போட்டு, தக்காளி கரைந்து சட்டியோடு ஒட்டுகிறவரை சுருளவிட்டு, பிழிந்த சோயாவை அதில் புரட்டினேன். எண்ணெயில் வதக்கினால் மசாலா தானாக ஏறும். இதில் நிதானமாகத்தான் ஏற்ற வேண்டும், கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் நேரம், மறுபடி கொஞ்சம் தண்ணீர். கடைசியில் கறிவேப்பிலையை வெறும் சட்டியில் முறுகவிட்டு நொறுக்கித் தூவினேன். வாசனை நன்றாகவே வந்தது. ஆனால் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. மறந்துவிடுவார், வேலை இருக்கும், எண்ணெயில்லாத குழம்பைத் தின்ன எவர் மெனக்கெட்டு வருவார் என்றெல்லாம் தோன்றியது. ஓர் ஆள் சாப்பிட வருவதற்கு இப்படிக் காத்திருப்பேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

வந்தார். கையில் ஒரு சொம்பு மோர். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என்னிடம் இருந்தது ஒரே தட்டு. அதை அவருக்கு வைத்துவிட்டு, நான் கம்பெனிக்குக் கொண்டுபோகிற டிபன் பாக்ஸில் எனக்குப் போட்டுக்கொண்டேன். சிலுவை போட்டுவிட்டு ஒரு வாய் எடுத்தவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"ஏம்மா, கறி மாதிரியே கீதே. மெய்யாலுமே கறி இல்லியே?"

"சத்தியமா இல்லக்கா. பாக்கெட்டக் காட்டட்டா?"

"காட்டு" என்றார். தவக்காலத்து வெள்ளிக்கிழமை, விளையாட்டு இல்லை. காலிப் பாக்கெட்டைக் குப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அதில் இருந்த உருண்டைப் படத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துத் திருப்தியான பிறகுதான் அடுத்த வாய் எடுத்தார். சாதத்தைக் குழைத்து, விரலை வழித்துச் சாப்பிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிரில் ஒருத்தர் உட்கார்ந்து மெல்லுகிற சத்தம் அந்த அறையில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டது.

"நல்லாத்தான் கீது. எண்ணெ ஊத்தாம செஞ்சியே, இன்னாத்துக்கு? மறந்துட்டியா?"

டயட் என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லோரிடமும் சொல்லிப் பழகிய பதில்தான். அவர் விரலில் ஒட்டிய பருக்கையைப் பார்த்துக்கொண்டே வேறு ஒன்றைச் சொன்னேன். "பித்தப்பையில கல்லுக்கா. ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லுதாங்க." சொன்ன பிறகுதான் தெரிந்தது, அந்த வாக்கியத்தை நான் சத்தமாகச் சொன்னதே இல்லை.

"எப்போ சொன்னாங்க?"

"மழைக்கு முன்னாடி."

"மழைக்கு முன்னாடியா? அப்பவே பண்ணிகினா இந்நேரம் எண்ணெ ஊத்தித் தின்னுகினு இருந்திருப்பியே. ஏன் பண்ணல?"

டிபன் பாக்ஸை மூடினேன், திறந்தேன். "ரெண்டு நாளு கூட ஆளு இருக்கணுமாம்" என்றேன்.

அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தேன். இப்போது 'ஐயோ பாவம்' வரும். அதைக் கேட்டுக்கொண்டு எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்றுகூடத் தீர்மானித்துவிட்டேன்.

"ஈஸ்டருக்கு முந்தி பெரிய வாரத்துல ஆவாது" என்றார், காலண்டரைப் பார்த்தபடியே. "கோயில்ல வேல சரியா இருக்கும். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயித்துக்கெழம தங்கச்சி பேத்திக்குப் புதுநன்மை, கோயில்ல விசேஷம், அதுக்கும் போயாவணும். அது தாண்டி செவ்வாக்கெழம வெச்சிக்கச் சொல்லு."

எனக்குப் புரியவில்லை. "எத வெச்சிக்கச் சொல்லுதிய?"

"எதயா? ரெண்டு நாளு வூட்ட வுட்டுட்டு உன்கூட வந்து கெடக்கணும்னா எனுக்கும் தோது பாக்க வாணாவா?" என்று எரிந்து விழுந்தார். "அது சரி, கூட இருக்குறவங்களுக்குப் படுக்க எடம் குடுப்பானா, இல்ல ராத்திரி பூரா சேர்லயே குந்திகினு இருக்கணுமா? எனுக்கு இடுப்பு ஆவாது."

"கேட்டுச் சொல்லுதேன்க்கா" என்றேன். சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

"மொதல்ல அத கேளு" என்று சொல்லி, தட்டை என் பக்கம் தள்ளினார். "இன்னும் ரெண்டு உருண்ட போடு."